2020 மார்ச் மாத வரைபடம்: தொற்று பரவிய பாதையா, பரிசோதனை நடந்த பாதையா?

#1 வைகைக்கரை

பள்ளி மாணவர்களுக்காக ஒரு சுவர்ப்படம் தயாரிக்கிறேன். 2020 ஜனவரி முதல் மே வரை கொரோனா நம் நாட்டுக்குள் எப்படிப் பரவியது என்பதுதான் பொருள். எளிதாக முடிந்துவிடும் என்று இறங்கினேன். வரைய வரையச் சந்தேகம்தான் வளர்கிறது.

எல்லோருக்கும் தெரிந்த கதை இது. ஜனவரி 30 அன்று கேரளத்தில், வூஹானிலிருந்து திருச்சூர் திரும்பிய மருத்துவ மாணவிக்குத் தொற்று உறுதியானது. உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை அறிவித்ததும் அதே நாளில்தான். பிப்ரவரி 2-இல் ஆலப்புழை, 3-இல் காசர்கோடு. அவர்களும் வூஹான் மாணவர்களே. மூவரும் குணமாகிவிட்டார்கள். பிறகு ஏறத்தாழ ஒரு மாதம் நாடு முழுவதும் புதிய நோயாளி ஒருவர்கூட இல்லை. மார்ச் 2-இல் டெல்லியில் இத்தாலி போய்வந்த ஒருவருக்கும், துபாயிலிருந்து பெங்களூரில் இறங்கி அங்கிருந்து பஸ்ஸில் ஹைதராபாத் போன ஒருவருக்கும் தொற்று என்று அறிவித்தார்கள். அடுத்து, ராஜஸ்தானைச் சுற்றிப் பார்க்க வந்த இத்தாலியக் குழுவில் 16 பேருக்கும் அவர்களுடைய இந்திய ஓட்டுநருக்கும். மார்ச் 7-இல் தமிழ்நாட்டின் முதல் நோயாளி, ஓமனிலிருந்து காஞ்சிபுரம் வந்த பொறியாளர்.

இதுவரை சிக்கல் இல்லை. விமான நிலையத்திலிருந்து வீடு வரை ஒரு கோடு இழுத்தால் முடிந்தது. இடிப்பது மார்ச் 18. தமிழ்நாட்டின் இரண்டாவது நோயாளி டெல்லியிலிருந்து ரயிலில் சென்னைக்கு வந்த 20 வயது இளைஞர். வெளிநாட்டுப் பயணமே இல்லை. அவருக்கு எங்கிருந்து கோடு இழுப்பது? அவர் இரண்டாவது நோயாளிதான் என்றால், அவருக்குக் கொடுத்தவர் எங்கே? அந்த ஒரு மாத மௌனம் உண்மையான மௌனமா, யாரும் காது கொடுக்காத மௌனமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கருங்கல்

விமான நிலையங்களை ஜனவரியிலேயே மூடியிருந்தால் எதுவும் வந்திருக்காது. இதில் ஆராய என்ன இருக்கிறது?

#3 சோதனைக்குழாய்

அப்போது ஓர் அரசுப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எந்த ஊர், எந்தக் கூடம் என்று கேட்காதீர்கள்.

மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரி, ஒரு சிறு குப்பியில் இளஞ்சிவப்புத் திரவத்துக்குள் வரும். குப்பிக்கு மேல் ஓர் உறை, அதற்கு மேல் இன்னோர் உறை, கடைசியில் பனிக்கட்டி போட்ட தெர்மோகோல் பெட்டி. பெட்டியோடு ஒரு படிவம் இருக்கும். மார்ச் நடுப்பகுதி வரை நாங்கள் குப்பியைத் தொடுவதற்கு முன் படிவத்தைத்தான் பார்ப்போம். எந்த நாட்டுக்குப் போனார், எப்போது திரும்பினார், உறுதியான நோயாளி யாருடனாவது பழகினாரா? இந்த இடங்கள் காலியாக இருந்தால் மாதிரி வரிசையில் ஏறாது. அனுப்பிய மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லித் திருப்பிவிடுவோம். விதி அப்படி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வழிகாட்டுதலில் பயணம் செய்தவருக்கும் அவருடைய தொடர்பில் இருந்தவருக்கும்தான் பரிசோதனை. ஆட்கொல்லி நிமோனியாவோடு ஒருவர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாலும், வெளிநாட்டு முத்திரை இல்லாவிட்டால் அவர் நிமோனியா நோயாளி மட்டுமே.

இப்போது உங்கள் வரைபடத்தைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவரை மட்டும் சோதித்தால், தொற்றுள்ள எல்லோரும் வெளிநாட்டிலிருந்து வந்தவராகத்தானே இருப்பார்கள்? மார்ச் முதல் பாதி வரைபடம் தொற்றின் பாதையைக் காட்டவில்லை. எங்கள் படிவத்தின் வடிவத்தைக் காட்டுகிறது.

மார்ச் 20-ஆம் தேதி விதியை மாற்றினார்கள். கடும் மூச்சுக்குழாய்த் தொற்றோடு மருத்துவமனையில் படுத்திருக்கும் எல்லோரையும் சோதிக்கலாம் என்றார்கள். ரயிலில் வந்த இளைஞர் அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே சிக்கியது, ஒரு மருத்துவரின் சந்தேக புத்தியால் என்றுதான் நினைக்கிறேன்.

#4 கருங்கல்

அப்படியானால் கேரளத்தில் மட்டும் எப்படி ஜனவரியிலேயே கண்டுபிடித்தார்கள்? விதி எல்லோருக்கும் ஒன்றுதானே.

#5 நிளாநதி

கேரளத்தில் வேலை பார்க்கும் தமிழன் நான். அந்த மூன்று மாணவர்களும் விதிக்குள் அடங்கியவர்கள்தான். வூஹானிலிருந்து வந்தவர்களின் பட்டியல் இருந்தது, ஆட்கள் தாங்களாகவே சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார்கள், மாதிரி புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்துக்குப் போனது. 2018-இல் நிபா பார்த்த மாநிலம் என்பதால் தனி வார்டு, தொடர்புப் பட்டியல் எல்லாம் கையோடு இருந்தன. பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் அதுவே முழுக்கதை அல்ல.

பத்தனம்திட்டையைப் பாருங்கள். பிப்ரவரி 29 அன்று இத்தாலியிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. வந்த மூவரும் விமான நிலையச் சோதனையில் பிடிபடவில்லை. உறவினர் வீடு, கோவில் குளம் என்று சாதாரணமாக நடமாடினார்கள்... கோவில் குளம் என்றது பேச்சுவாக்கில். அவர்கள் தேவாலயம் போகிறவர்கள். உறவினர்களுக்குக் காய்ச்சல் வந்து அவர்கள் மருத்துவமனைக்குப் போனபோதுதான், அங்கே கேட்ட கேள்விகளில் இத்தாலி வெளியே வந்தது. மார்ச் 8-இல் ஐந்து பேருக்குத் தொற்று உறுதியானது. அந்தக் குடும்பத்தின் 93 வயது தாத்தாவும் 88 வயது பாட்டியும் பிழைத்து வீடு திரும்பியது அன்று பெரிய செய்தி.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. மாவட்ட நிர்வாகம் அவர்கள் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தக் கடையில், எந்த வங்கியில் இருந்தார்கள் என்று ஒரு வழித்தடப் படமே வெளியிட்டது. "அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்கள் எங்களை அழையுங்கள்" என்றார்கள். அதிகாரிகள் போய்த் தேடுவதோடு நிற்காமல், மக்கள் தாமே வந்து சொல்லும்படி வழி திறந்துவிட்டார்கள். வரைபடம் என்றால் அதுதான் வரைபடம்.

#6 தராசு

பரிசோதனைக்குழாய் ஐயா சொல்வதில் பாதிதான் உண்மை என்பேன். (பெயரைச் சரியாக எழுதவில்லை என்று கோபிக்க வேண்டாம்.) 135 கோடி மக்கள் உள்ள நாட்டில் ஜனவரியில் புனேயில் ஒரே ஒரு கூடம்தான் சோதித்தது. பிறகு கிண்டி கிங் நிலையம் போன்றவை ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அப்போதும் மறு உறுதிக்குப் புனேதான். வேதிப்பொருள் கையிருப்பு அளவோடு இருந்தபோது யாருக்கு முதலில் செலவழிப்பது? தொற்று இருக்க அதிக வாய்ப்புள்ளவருக்குத்தானே? சளி பிடித்த எல்லோரையும் சோதித்திருந்தால் மார்ச் முதல் வாரத்திலேயே கையிருப்பு தீர்ந்திருக்கும். அப்புறம் இத்தாலிக் குழுவையும் சோதித்திருக்க முடியாது.

இன்னொன்று. "யாரும் காது கொடுக்காத மௌனம்" என்று வைகைக்கரை எழுதினார். காது கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கவுன்சிலே ஓர் ஆய்வு வெளியிட்டது. பிப்ரவரி 15-க்குப் பிறகு கடும் மூச்சுக்குழாய்த் தொற்றோடு சேர்ந்தவர்களின் மாதிரிகளில் 965-ஐ எடுத்துப் பின்னோக்கிச் சோதித்தார்கள். இரண்டு மட்டுமே தொற்றுள்ளவை. மார்ச் 14-க்கு முன் எடுத்ததில் ஒன்றுகூட இல்லை. ஆக, பிப்ரவரி மௌனம் பெருமளவு உண்மையான மௌனம்தான்.

#7 சோதனைக்குழாய்

தராசு அவர்களே, அதே ஆய்வின் அடுத்த பக்கத்தையும் சேர்த்து வையுங்கள். விதியைத் தளர்த்தி ஏப்ரல் 2 வரை மேலும் 4,946 பேரைச் சோதித்தபோது 102 பேருக்குத் தொற்று. அவர்களில் 40 பேர் எந்த வெளிநாட்டுக்கும் போகாதவர்கள், எந்த நோயாளியோடும் பழகியதாக விவரம் இல்லாதவர்கள். பூஜ்யத்திலிருந்து கிளம்பிய விகிதம் ஏப்ரல் 2-இல் 2.6 சதவீதத்தைத் தொட்டது. மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களுமாக மொத்தம் 20-இல், 52 மாவட்டங்களிலிருந்து தொற்று கிடைத்தது.

பிப்ரவரியை நான் உங்களிடம் விட்டுவிடுகிறேன். 965 மாதிரி பெரிய எண்ணிக்கை இல்லை என்றாலும் பூஜ்யம் பூஜ்யம்தான். என் சண்டை மார்ச் மாதத்தோடு. 52 மாவட்டங்களில் நுரையீரல் கெட்டுப் படுக்கும் அளவுக்கு நோயாளிகள் இருந்தார்கள் என்றால், அவர்களைப் போலப் பல மடங்கு பேர் இலேசான காய்ச்சலோடு, அல்லது அதுகூட இல்லாமல், அதற்கு இரண்டு வாரம் முன்பே நடமாடியிருக்க வேண்டும். அதே நாட்களில் செய்தியாளர் கூட்டத்தில் தினமும் சமூகப் பரவல் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

#8 கருங்கல்

நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. விமானத்தை நிறுத்தியிருந்தால்?

#9 எண்ணும் எழுத்தும்

கருங்கல், உங்கள் கேள்விக்குப் பதில் ஓர் அரசுக் கடிதத்தில் இருக்கிறது. மார்ச் 26 அன்று மத்திய அமைச்சரவைச் செயலாளர் மாநிலங்களுக்கு எழுதினார். ஜனவரி 18 முதல் மார்ச் 23 வரை 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கிறார்கள். அவர்களில் மாநிலங்கள் கண்காணித்தவர்களின் எண்ணிக்கைக்கும் வந்தவர்களின் மொத்த எண்ணிக்கைக்கும் இடைவெளி தெரிகிறது என்றார். ஊரடங்கு தொடங்கிய பிறகு எழுதிய கடிதம் என்பதைக் கவனியுங்கள்.

ஜனவரியில் சீனாவிலிருந்து வந்தவர்களை மட்டும் காய்ச்சல் கருவியால் பார்த்தார்கள். பிறகு சில நாடுகள் சேர்ந்தன. எல்லா வெளிநாட்டுப் பயணிகளையும் பார்ப்பது மார்ச் 4-க்குப் பிறகுதான். அதற்குள் தொற்று சீனாவை விட்டு இத்தாலி, ஈரான், வளைகுடா என்று கதவை மாற்றிவிட்டது. கருவி உடல் வெப்பத்தை மட்டுமே காட்டும். தொற்றிய பின் அறிகுறி வரச் சராசரியாக ஐந்து நாளாவது ஆகும். பாராசிட்டமால் போட்டவருக்கும் வெப்பம் காட்டாது. ஜனவரியில் சீன விமானத்தை மட்டும் நிறுத்தியிருந்தால் மூன்று மாணவர்கள் வந்திருக்க மாட்டார்கள். அந்த மூவரிடமிருந்து யாருக்கும் பரவவே இல்லை. எல்லா விமானத்தையும் பிப்ரவரியிலேயே நிறுத்தியிருந்தால் சில வாரம் தள்ளிப்போயிருக்கும் என்பது சரி. ஆனால் வளைகுடாவில் நம் ஆட்கள் எத்தனை லட்சம் பேர்? அவர்களை அங்கேயே விட்டுவிடுவதா?

இப்போது மொத்தக் கணக்கு. மே 11 முதல் ஜூன் 4 வரை நாடு தழுவிய ரத்த மாதிரி ஆய்வு நடந்தது. 70 மாவட்டங்கள், 28,000 பேர். தொற்று வந்துபோனதைக் காட்டும் எதிர்ப்புப்பொருள் 0.73 சதவீதம் பேருக்கு இருந்தது. சிறிய எண்ணாகத் தெரியும். நாட்டில் உள்ள பெரியவர்களின் எண்ணிக்கையால் பெருக்கினால், மே தொடக்கத்துக்குள் ஏறத்தாழ 64 லட்சம் பெரியவர்களுக்குத் தொற்று வந்துபோயிருக்கிறது. அந்தச் சமயத்தில் உறுதியானவர்கள் சுமார் 50,000 பேர்தான். ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி, பட்டியலில் ஏறிய ஒவ்வொருவருக்கும் 82 முதல் 130 பேர் வரை தொற்றுற்றிருந்தார்கள். இந்த எண்ணை வைத்துக்கொண்டு, யார் யாருக்குக் கொடுத்தார் என்று அம்புக்குறி போட்டுக் காட்டும் படங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

#10 அடங்காநதி

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். தமிழ்நாட்டில் பரப்பியது மார்ச்சில் டெல்லியில் நடந்த மத மாநாட்டுக்குப் போனவர்கள்தான். ஏப்ரல் 1-ஆம் தேதி புதிதாக வந்த 110 பேரும் அவர்களே. அரசே சொன்ன கணக்கு.

#11 மட்டுறுத்துநர்

ஒரு மதத்தாரைக் குறிவைக்கும் பதிவு வந்தால் இழையைப் பூட்டிவிடுவேன். எண்ணைப் பற்றிப் பேசலாம், ஆட்களைத் தூற்றக்கூடாது.

#12 சோதனைக்குழாய்

எண்ணைப் பற்றியே பேசுவோம். ஏப்ரல் 1-இல் 110 புதிய நோயாளிகள், அனைவரும் அந்தக் கூட்டத்துக்குப் போய்வந்தவர்கள், மாநிலத்தின் மொத்தம் 234. சரியான தகவல். அன்று நாங்கள் யாருடைய மாதிரிகளைச் சோதித்தோம் என்று கேளுங்கள். பட்டியல் கொடுத்து, ஊர் ஊராகத் தேடி, அறிகுறி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், அந்தக் கூட்டத்துக்குப் போனவர்களின் மாதிரிகளைக் குவித்தார்கள். பெட்டி பெட்டியாக வந்தவை பெரும்பாலும் அவையே. மூடிய அரங்கில் நெருக்கமாகத் தங்கியவர்களுக்குள் தொற்று அதிகம் பரவியதில் ஐயமில்லை. அதை மறைப்பதும் தவறு. ஆனால் அதே மார்ச்சில் நடந்த கல்யாணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் அரசியல் கூட்டங்களுக்கும் போனவர்களில் யாரையாவது இப்படிப் பட்டியல் போட்டுச் சோதித்தோமா? சோதிக்கவில்லை. ஆகவே அவர்களுக்குள் எவ்வளவு என்ற எண்ணே இல்லை. இல்லாத எண்ணோடு இருக்கிற எண்ணை ஒப்பிட்டுப் பழி போடுவது கணக்குத் தெரிந்தவர் செய்யும் வேலை அல்ல.

அதன் விளைவையும் கூடத்திலிருந்தே பார்த்தேன். ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் வந்த படிவங்களில் முகவரி தவறாக இருக்கும், தொலைபேசி எண் ஓர் இலக்கம் குறையும். பேர் வெளியே தெரிந்தால் தெருவே ஒதுக்கும் என்று பயந்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

#13 தராசு

இதில் நான் சோதனைக்குழாய் பக்கம்.

#14 ஏரிக்கரைப் பூவரசு

சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சென்னைக் கோயம்பேடு காய்கறிச் சந்தையில் தொற்று பரவிய சமயத்தில் வட மாவட்டம் ஒன்றில் பணியில் இருந்தேன். மேலே உள்ளவர்கள் ஆய்வுக்கூடத்தையும் விமான நிலையத்தையும் பேசிவிட்டார்கள். லாரியைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஏப்ரல் 24 அன்று, 26 முதல் நான்கு நாட்கள் சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு என்று முதலமைச்சர் அறிவித்தார். 25-ஆம் தேதி கோயம்பேட்டில் கூடிய கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 295 ஏக்கர் சந்தை, அதில் நடக்க இடமில்லை. மே 5-இல் சந்தையை மூடினார்கள். காய்கறி திருமழிசைக்குப் போனது.

சந்தையில் சுமை தூக்குகிறவர்களில் பெரும்பாலோர் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் பக்கத்து ஆட்கள். வேலை நின்றதும் ஊருக்குக் கிளம்பினார்கள். பஸ் கிடையாது, ரயில் கிடையாது. காய் இறக்கிவிட்டுத் திரும்பும் லாரிதான். தார்ப்பாய்க்கு அடியில் இருபது பேர், முப்பது பேர் ஒட்டி உட்கார்ந்து இரவோடு இரவாக வந்தார்கள். சோதனைச்சாவடிக்கு முன்னாலேயே இறங்கி வயல் வழியே நடந்து ஊருக்குள் வந்தவர்களும் உண்டு.

எங்களுக்கு வந்த உத்தரவு, கோயம்பேட்டிலிருந்து வந்தவர் யாராக இருந்தாலும் பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ தங்கவைத்து மாதிரி எடுக்க வேண்டும் என்பது. ஒருவரிடம் நான் கேட்டதை இங்கே எழுதுகிறேன், தொடர்புப் பட்டியல் என்பது எப்படி உருவாகிறது என்று தெரியட்டும்.

"கூட யார் யார் வந்தீர்கள்?"
"பக்கத்து ஊர் ஆட்கள், ஐயா."
"பெயர்?"
"ஒருவர் வெங்காய மண்டிக்காரர். இன்னொருவரை மாமா என்று கூப்பிடுவோம். மற்றவர்கள் பெயர் தெரியாது."
"லாரி எண்?"
"இருட்டு, ஐயா."
"டிரைவர்?"
"முகமூடி போட்டிருந்தார்."

பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரு மீட்டருக்குள் இருந்தவர் நெருங்கிய தொடர்பு என்பது எங்கள் கையேடு. அந்த லாரியில் ஐந்து மணி நேரம் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். நெருங்கிய தொடர்பு என்ற கட்டத்தில் "மாமா" என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். ஊர்த் தலையாரியைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் அந்த மாமாவைக் கண்டுபிடித்தபோது, அவர் இன்னொரு மண்டபத்தில் ஏற்கெனவே இருந்தார். அவருக்கும் தொற்று.

மே 4-ஆம் தேதி மாநிலத்தில் புதிதாக 527 பேர். சென்னையில் 266, கடலூரில் 122, விழுப்புரத்தில் 49. அதற்கு முன் கடலூர் எங்கே இருந்தது என்று யாரும் கவனித்ததில்லை.

#15 எண்ணும் எழுத்தும்

பூவரசு ஐயா எழுதிய லாரிக்குச் சான்று ஆய்விலேயே இருக்கிறது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் நம் சுகாதாரப் பணியாளர்கள் திரட்டிய தொடர்புப் பட்டியல்களை வைத்து நடந்த ஆய்வு, 2020-இல் சயன்ஸ் இதழில் வெளிவந்தது. 84,965 நோயாளிகள், அவர்களுடைய தொடர்பில் இருந்த 5,75,071 பேர். உலகில் அதுவரை இவ்வளவு பெரிய பட்டியலை யாரும் அலசியதில்லை. நோயாளிகளில் சுமார் 70 சதவீதம் பேரிடமிருந்து, தேடிக் கண்டுபிடித்த தொடர்புகளில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. வீட்டுக்குள் இருந்தவர்களில் நூற்றுக்கு 9 பேருக்குத் தொற்றியது. ஆனால் நோயாளியோடு நெருக்கமாக உட்கார்ந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்குத் தொற்று! பயணப் பிரிவில் இருந்தவர்கள் 78 பேர்தான், ஆகவே அந்த எண்ணை அப்படியே எல்லாப் பஸ்ஸுக்கும் ஒட்டக்கூடாது. இருந்தாலும் வீட்டுக்கும் வண்டிக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

இதனால்தான் ஒரு மாவட்டத்தில் ஒரு நோயாளி வந்து ஒன்றும் ஆகாமல் போவதும், இன்னொரு மாவட்டத்தில் ஒரே வாரத்தில் நூறாவதும். வூஹான் மாணவர்கள் மூவரும் அந்த 70 சதவீதத்துக்குள் விழுந்தவர்கள். அதில் கேரளத்தின் திறமையும் உண்டு, அதிர்ஷ்டமும் உண்டு. எவ்வளவு எது என்று பிரிக்க முடியாது.

#16 நிளாநதி

அதிர்ஷ்டம் என்று எழுதினால் எங்கள் ஊரில் உதைப்பார்கள். ஆனாலும் மறுக்க முடியவில்லை.

#17 பழஞ்சுவடி

நூறு ஆண்டு பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1918-இல் இன்புளுவென்சா பம்பாய்க்கு வந்ததும் இப்படித்தான். ஜூன் 10 அன்று ஏழு போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஒருவர் துறைமுகக் காவலில் இருந்தவர். மே கடைசியில் ஒரு கப்பல் வந்து நின்றிருந்தது. ஆகவே கப்பல்தான் என்று கோடு இழுத்தார்கள். அந்தச் சிப்பாய் அரசு மருத்துவமனையில் சேர்ந்ததால்தான் ஏட்டில் ஏறினார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கூலியாளுக்கு முதல் நாளே காய்ச்சல் வந்திருந்தாலும் யார் எழுதி வைத்திருப்பார்கள்?

அங்கிருந்து ரயில் பாதைகள் வழியே உள்நாட்டுக்குப் போனது. செப்டம்பரில் வந்த இரண்டாம் அலை கொடூரமானது. அக்டோபர் 6 அன்று பம்பாய் நகரத்தில் மட்டும் 768 சாவுகள். நகரத்தில் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு இருக்கிறது. ஐரோப்பியர்களில் 8.3. தாழ்த்தப்பட்ட சாதியினரில் 61.6. கப்பல் எதுவென்று தேடிய அக்கறையில் பாதியை இந்த இடைவெளிக்குக் காட்டியிருக்கலாம்.

2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் எடுத்த ரத்த மாதிரி ஆய்வில் குடிசைப் பகுதியில் 57 சதவீதம், மற்ற பகுதியில் 16 சதவீதம். பொதுக் கழிப்பிடமும் பத்துக்குப் பத்து அறையும் மாறாத ஊரில் எண் மட்டும் எப்படி மாறும்?

#18 கருங்கல்

சரி, விமானத்தை விடுகிறேன். ரயில்? மே மாதம் தொழிலாளர்களுக்குச் சிறப்பு ரயில் விட்டதால்தானே பீகாருக்கும் ஒடிசாவுக்கும் போனது?

#19 தராசு

மே 1-இல் தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்கு முதல் ரயில் கிளம்பியது. மொத்தம் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த ரயில்களில் ஊர் திரும்பினார்கள். தொற்றும் கூடவே போனது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து நள்ளிரவில் மூடாமல், நாடு முழுவதும் சுமார் 500 பேருக்கே உறுதியாகியிருந்த அந்த நேரத்தில் ஒரு வாரம் ரயில் விட்டு அவர்களை அனுப்பியிருந்தால்? தொற்று குறைவாக இருந்தபோது தாராவியிலும் சூரத்திலும் அடைத்து வைத்துவிட்டு, அதிகமான பிறகு திறந்துவிட்டோம். நான் அரசின் பக்கம் நின்று வாதாடுகிறவன் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு வாதம் இல்லை.

#20 சோதனைக்குழாய்

ஒரு திருத்தம் சேர்க்கலாம். மார்ச்சில் போயிருந்தாலும் சிலர் தொற்றோடு போயிருப்பார்கள், கிராமத்தில் சோதிக்கக் கூடமே இருந்திருக்காது. மாவட்டவாரியாகக் கூடங்கள் பெருகியது பிறகுதான். வரைபடத்தில் பீகார் வெள்ளையாகவே தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

#21 வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. பூவரசு ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும். ஏப்ரல் 25-ஆம் தேதிக் கூட்டத்தால்தான் கடலூருக்குத் தொற்று போனது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். அப்படியே எழுதலாமா?

#22 ஏரிக்கரைப் பூவரசு

எழுதக்கூடாது, தம்பி. தேதியை வைத்துப் பாருங்கள். 25-ஆம் தேதி தொற்றியவருக்கு அறிகுறி வரச் சுமார் 30-ஆம் தேதி ஆகும். மே 4 அறிக்கையில் வந்த மாதிரிகள் அதற்கு இரண்டு மூன்று நாள் முன் எடுத்தவை. சிலர் அந்தக் கூட்டத்தில் வாங்கிக்கொண்டவர்களாக இருக்கலாம். ஆனால் சந்தையில் தொற்று இருப்பது ஏப்ரல் கடைசி வாரத்திலேயே தெரியவந்துவிட்டது. சுமை தூக்கியவர்கள் அங்கேயே சாப்பிட்டு, மூட்டைகளுக்கு நடுவே அங்கேயே படுத்தவர்கள். ஊரடங்கு முழுவதும் சந்தை நடந்தது. அவர்களுக்கு 25-ஆம் தேதிக்கு முன்பே தொற்றியிருக்க வேண்டும் என்பதுதான் என் அனுபவம். எங்கள் மண்டபத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லை, இருமல்கூட இல்லை. ஆளைப் பிடித்துவைத்துச் சோதித்ததால் தெரிந்தது.

25-ஆம் தேதிக் கூட்டத்தில் பெரும்பகுதி கடலூர்க்காரர்கள் அல்லர். நான்கு நாளைக்குக் காய் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன சென்னைக்காரர்களும் சில்லறைக் கடைக்காரர்களும்தான். அவர்களை யாரும் மண்டபத்தில் தங்கவைக்கவில்லை, பட்டியலும் போடவில்லை. அவர்களில் எத்தனை பேருக்குத் தொற்றியது என்று கேட்டால், ஜூன் மாதச் சென்னையின் எண்ணிக்கைக்குள் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.